நடுவுல ஒரு ஊர்: திருச்சிக்காரங்க ஏன் ஒரே மூச்சில் பெருமையும் படறாங்க, புலம்பவும் செய்றாங்க?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கப்பட்டுள்ளது.)



வெள்ளிக்கிழமை ராத்திரி பதினோரு மணி வாக்குல சென்னை எழும்பூர் ஸ்டேஷனுக்குப் போயிருக்கீங்களா? முதுகுல லேப்டாப் பையோட ஒரு பெரிய கூட்டம் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ்ல ஏறும். விடியக்காலை திருச்சி ஜங்ஷன். ரெண்டு நாள் அம்மா கையால சாப்பாடு. ஞாயித்துக்கிழமை ராத்திரி அதே கூட்டம், அதே பையோட திரும்பி வரும். பையில ஒரு டப்பா இட்லிப்பொடி கூடியிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தக் கூட்டத்துல நானும் ஒருத்தன். அதுல யாரு கிட்டப் பேச்சு குடுத்தாலும் ரெண்டு வாக்கியம் கண்டிப்பா வரும். முதல் வாக்கியம்: "என்ன இருந்தாலும் திருச்சி மாதிரி வராதுப்பா." ரெண்டாவது வாக்கியம்: "ஆனா அங்க இருந்து என்ன பண்றது?"

ரெண்டையும் சொல்றது ஒரே ஆள். நடுவுல மூச்சு கூட விட மாட்டாங்க.

இது வெறும் மனநிலை இல்ல, இதுக்குப் பின்னாடி ஒரு நூத்தம்பது வருஷ வரலாறு இருக்குங்கறதுதான் இன்னைக்கு எபிசோட். பெருநகரமும் இல்லாம சின்ன டவுனும் இல்லாம நடுவுல நிக்கிற எந்த ஊர்க்காரருக்கும் இதுல ஏதோ ஒண்ணு பழக்கமானதா இருக்கும்.

எங்க போனாலும் இருவது நிமிஷம்

முதல்ல பெருமையிலிருந்து ஆரம்பிப்போம். திருச்சியில இருக்கறவங்க ஊரைப் பத்தி என்ன சொல்லுவாங்க? எங்க போனாலும் இருவது நிமிஷம். காவிரி இருக்கு, தண்ணிக்குக் கஷ்டம் இல்ல. நல்ல காலேஜ், நல்ல ஆஸ்பத்திரி. வாடகை கட்டுப்படி ஆகும். கொஞ்சம் தூண்டி விட்டீங்கன்னா, 2016-ல் தேசிய அளவில் எடுத்த தூய்மைக் கணக்கெடுப்புல மைசூரு, சண்டிகருக்கு அடுத்து மூணாவது இடம் நாங்கதான்னு சேத்துச் சொல்லுவாங்க.

இதுல அந்த "இருவது நிமிஷம்" எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். ஏன்னா திருச்சி ஒரே ஊரா வளந்த ஊர் இல்ல. மலைக்கோட்டையைச் சுத்தி ஒரு கோட்டை நகரம். தெற்கே வெள்ளைக்காரங்க காலத்துக் கண்டோன்மென்ட். ஆத்துக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கமும் திருவானைக்காவலும். மேற்கே பழைய சோழர் தலைநகரமான உறையூர். கிழக்கே ரயில்வே கட்டின பொன்மலை. இதெல்லாம் பக்கத்துப் பக்கத்துல தனித்தனியா இருந்த ஊர்கள். திருச்சி நகராட்சி ஆனது 1866-ல். ஆனா ஸ்ரீரங்கமும் பொன்மலையும் தனி நகராட்சிகளாவே இருந்து, 1994-ல் மாநகராட்சி உருவானப்பதான் ஒண்ணா சேந்தன. அதனால ஒவ்வொரு பகுதிக்கும் சொந்தமா ஒரு கடைத்தெரு, ஒரு கோயிலோ சர்ச்சோ, ஒரு பள்ளிக்கூடம் இருக்கு. எல்லாத்துக்கும் ஒரே இடத்துக்கு ஓட வேண்டியதில்ல.

ஒரு சின்ன இடைச்செருகல். கோட்டைப் பக்கம் 'மேலப்புலிவார்டு ரோடு'ன்னு ஒண்ணு இருக்கு, பாத்திருப்பீங்க. சின்ன வயசுல அங்க புலி வாழ்ந்திருக்கும்னு நினைச்சேன். விஷயம் என்னன்னா, 19ஆம் நூற்றாண்டில் கோட்டை மதிலை இடிச்சு அகழியைத் தூர்த்து, அந்த இடத்துல மரம் வச்சு அகலமான சாலை போட்டாங்க. அந்த மாதிரி சாலைக்கு ஐரோப்பாவுல 'பூல்வார்டு'ன்னு பேரு. நம்ம வாயில அது புலிவார்டு ஆயிடுச்சு. மதில் போச்சு. வாசல் ஒண்ணு மட்டும் மிச்சம். அதைத்தான் மெயின் கார்டு கேட்டுன்னு சொல்றோம்.

நாகப்பட்டினம் கிட்ட இருந்து வந்தது

இப்போ வேலைக்கு வருவோம். புலம்பல் ஆரம்பிக்கிற இடம் அதுதான்.

திருச்சிக்குன்னு சொந்தத் தொழில்கள் இருந்தன. உறையூர்ல நெசவு, உறையூர்ல சுருட்டு. திருச்சி சுருட்டு எவ்வளவு பிரபலம்னா, 1887-ல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவல்ல, கொலை நடந்த வீட்டுல கிடந்த சாம்பலைப் பாத்தே "இது திருச்சினாப்பள்ளி சுருட்டு"ன்னு ஹோம்ஸ் கண்டுபிடிப்பார். அப்புறம் செயற்கை வைரக்கல் பட்டை தீட்டுற தொழில். ஊரைச் சுத்தி எத்தனையோ குடும்பங்கள் வீட்டுத் திண்ணையிலயே செஞ்ச வேலை அது.

ஆனா ஊரோட உருவத்தை மாத்தினது இந்தத் தொழில்கள் இல்ல. ரயில்.

நாகப்பட்டினத்துல தொடங்கின ரயில் பாதை 1862-ல் திருச்சி வரைக்கும் வந்து சேந்தது. போட்டது கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே கம்பெனி. அந்தக் கம்பெனிக்கு அப்போ தலைமை இடம் நாகப்பட்டினம், திருச்சி இல்ல. 1874-ல் இன்னொரு கம்பெனியோட இணைஞ்சு அது சவுத் இந்தியன் ரயில்வே ஆனது. பதிவு அலுவலகம் லண்டன்ல. இங்க தலைமையகம் திருச்சிக்கு வந்துடுச்சு. ரயில் பெட்டி, என்ஜின் பழுது பாக்குற பெரிய பணிமனை மட்டும் நாகப்பட்டினத்துலயே ரொம்ப நாள் இருந்தது. 1928 வாக்கில் அதுவும் திருச்சிக்கு வந்தது. அதுதான் பொன்மலை ஒர்க்‌ஷாப்.

இன்னொண்ணு. நம்ம அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் படிச்ச செயின்ட் ஜோசப் காலேஜ் இருக்குல்ல, அது ஆரம்பிச்சது 1844-ல், நாகப்பட்டினத்துல. திருச்சிக்கு வந்தது 1883-ல்.

ரயில் தலைமையகம், பணிமனை, காலேஜ். மூணும் நாகப்பட்டினத்துல இருந்து வந்தது. இதை மனசுல வச்சுக்கோங்க, கடைசியில இதுக்கு வருவோம்.

பொன்மலை, ஒர்க்‌ஷாப்புக்காகவே கட்டின ஊர். வரிசை வரிசையா குவார்ட்டர்ஸ், நடுவுல மரங்கள், வாரச் சந்தை, காலையில சங்கு. எங்க அப்பா அங்க ஃபிட்டர். எங்க வீட்டுல கடிகாரம் ஓடாம நின்னாக்கூட யாரும் கவலைப்பட மாட்டாங்க, சங்கு இருந்தது.

ஆனா அதை அமைதியான காலனி வாழ்க்கைன்னு மட்டும் நினைச்சுடக் கூடாது. 1946-ல் தென்னிந்திய ரயில்வே தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் நடத்தினாங்க. செப்டம்பர் 5-ஆம் தேதி பொன்மலையில போலீஸ் துப்பாக்கிச்சூடு நடத்தி அஞ்சு தொழிலாளிகள் செத்துப் போனாங்க. இன்னைக்கும் வருஷா வருஷம் அந்த நாள்ல பொன்மலையில அஞ்சலி நடக்குது. 'பாதுகாப்பான வேலை, நிம்மதியான ஊர்'னு நாம சொல்றோமே, அந்தப் பாதுகாப்பு தானா வந்தது இல்ல.

1951: தலைமையகம் கிளம்புது

சுதந்திரத்துக்கு அப்புறம் தனித்தனிக் கம்பெனி ரயில்வேக்களை மத்திய அரசு ஒண்ணாக்கினது. 1951 ஏப்ரல் 14-ஆம் தேதி மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே, சவுத் இந்தியன் ரயில்வே, மைசூர் ஸ்டேட் ரயில்வே மூணும் இணைஞ்சு தெற்கு ரயில்வே உருவானது. தலைமையகம் எங்க? சென்னை.

திருச்சி ஒரு கோட்டமா மிஞ்சினது. பணிமனை இருந்தது, ஆயிரக்கணக்கான வேலைகள் இருந்தன. ஆனா முடிவெடுக்கிற மேஜை வேற ஊருக்குப் போயிடுச்சு. ஒரு ஊர்ல தலைமையகம் இருந்தா அங்க பெரிய அதிகாரிகள் இருப்பாங்க. அவங்களைப் பாக்க வர்றவங்க தங்குவாங்க. வக்கீல், கான்ட்ராக்டர், அச்சகம், ஹோட்டல்னு சுத்தி ஒரு உலகம் வளரும். மேஜை போனா அந்த உலகமும் மெதுவா அது பின்னாடியே போகும். சத்தம் வராது, பெரிய செய்தியாவும் இருக்காது.

வேடிக்கை என்னன்னா, நாம ஏறுற அந்த எழும்பூர் ஸ்டேஷன் கட்டடம் இருக்கே, 1908-ல் திறந்தது, அதைக் கட்டினதே சவுத் இந்தியன் ரயில்வேதான். திருச்சியைத் தலைமையகமா வச்சிருந்த கம்பெனி கட்டின ஸ்டேஷன்ல நின்னுக்கிட்டுதான், "சென்னை அளவுக்கு நம்ம ஊரு வரலையே"ன்னு நாம பேசிக்கிட்டிருக்கோம்.

பெல் வந்துது

அடுத்த அலை 1960-கள். திருவெறும்பூர்ல, செக்கோஸ்லோவாக்கியா தொழில்நுட்ப உதவியோட, உயர் அழுத்தக் கொதிகலன் தொழிற்சாலை. 1965-ல் உற்பத்தி ஆரம்பிச்சது. ஊர்ல யாரும் முழுப் பேரைச் சொல்றதில்ல, 'பெல்'. 1964-ல் மண்டலப் பொறியியல் கல்லூரி, இப்போ என்.ஐ.டி. 1966-ல் படைக்கலத் தொழிற்சாலை. ரெண்டு மூணு வருஷத்துல ஊரோட கிழக்கு எல்லையே மாறிப்போச்சு.

பெல்லுக்கு உதிரி வேலை செஞ்சு குடுக்க துவாக்குடி, திருவெறும்பூர் பக்கம் நூத்துக்கணக்கான ஃபேப்ரிகேஷன் யூனிட்டுகள் வந்தன. வெல்டிங் கத்துக்கிட்ட பையனுக்கு வேலை நிச்சயம். ஐ.டி.ஐ. முடிச்சா பெல், இல்லன்னா ரயில்வே. ஒரு தலைமுறைக்கு அதுதான் கனவு, அது பலிச்ச கனவும் கூட. இன்னைக்கு நாம வெளியூர்ல வேலை பாக்குறோம்னா, நம்மைப் படிக்க வச்சது பெரும்பாலும் அந்தச் சம்பளம்தான்.

ஆனா இதுல ஒரு சிக்கல் உள்ள இருந்தது. அந்த யூனிட்டுகள்ல பலதுக்கும் வாடிக்கையாளர் ஒரே ஒருத்தர். 2010-களில் நாட்டுல புது அனல்மின் நிலையங்களுக்கான ஆர்டர் குறைஞ்சப்ப, அடி விழுந்தது துவாக்குடியில. ஷெட்டுகள் மூடினாங்க, வெல்டர்கள் வளைகுடாவுக்குப் போனாங்க. நம்ம ஏர்போர்ட்டுல உள்நாட்டுப் பயணிகளை விட வெளிநாட்டுப் பயணிகள் அதிகம்னு பெருமையா சொல்றோம். அதுல எத்தனை பேர் ஊர்ல வேலை இல்லாம விமானம் ஏறுறவங்கன்னும் கொஞ்சம் யோசிக்கணும்.

கோயம்புத்தூர் கேள்வி

இந்த இடத்துல சில எண்களைச் சொல்லியே ஆகணும்.

1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் திருச்சியில் 1,04,721 பேர். மதுரை கிட்டத்தட்ட அதே அளவு, 1,05,984. கோயம்புத்தூர்? 53,080. அதாவது திருச்சியில பாதி.

2011-க்கு வாங்க. புறநகரையும் சேத்து எடுத்தா திருச்சி சுமார் 10 லட்சம். கோயம்புத்தூர் சுமார் 21 லட்சம். அப்படியே தலைகீழ்.

ஏன்? ஒரே காரணம் சொல்லிட முடியாது. ஆனா ஒரு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியுது. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தப்ப, கோவையில உள்ளூர்க்காரங்க கையில இருந்த பணம் மில்லுக்குப் போச்சு. மில்லுக்கு மோட்டார் வேணும், பம்ப்செட் வேணும், அதுக்கு ஃபவுண்டரி வேணும். ஒரு தொழில் இன்னொரு தொழிலைப் பெத்தது. திருச்சிக்கு வந்த பெரிய வேலைகள் எல்லாமே வேற எங்கயோ எடுத்த முடிவுகளால வந்தது. லண்டன் கம்பெனி, அப்புறம் டெல்லி அரசு. முடிவு சாதகமா இருந்தப்போ ஊர் வளந்தது, மாறினப்போ நின்னுது. சம்பளக்காரங்க ஊர் இப்படித்தான் இருக்கும். மாசம் ஒண்ணாந்தேதி நிம்மதி. ஆனா அந்த ஒண்ணாந்தேதி நம்ம கையில இல்ல.

இப்போ அந்த ரெண்டு வாக்கியத்தையும் திரும்பப் பாருங்க. "திருச்சி மாதிரி வராது", "அங்க என்ன இருக்கு". குறைஞ்ச வாடகை, நெரிசல் கம்மி, இருவது நிமிஷம், இதெல்லாம் ஊர் இன்னும் பெருசாகாததால கிடைச்ச வரம். வேலை குறைவுங்கறதும் ஊர் பெருசாகாததோட விளைவு. பெருமையும் புலம்பலும் ஒரே காரணத்துல இருந்துதான் வருது. அதனாலதான் ஒரே மூச்சுல வருது.

தலைநகர் ஆகாமப் போன ஊர்

எந்தத் திருச்சிக்காரர் கிட்டப் பேசினாலும் பத்தாவது நிமிஷத்துல எம்.ஜி.ஆர். வந்துடுவார். 1983-ல் சென்னையில கடுமையான தண்ணிப் பஞ்சம். முதலமைச்சர் எம்.ஜி.ஆர். மாநிலத்தோட தலைநகரைத் திருச்சிக்கு மாத்தலாம்னு சொன்னார். மாநிலத்துக்கு நடுவுல இருக்கு, காவிரி இருக்கு. கருணாநிதி உட்பட எதிர்க்கட்சியினர் எதிர்த்தாங்க. திட்டம் கிடப்புல போச்சு. ஆனா ஊர்க்காரங்க மனசுல அது கிடப்புக்குப் போகவே இல்ல. 2020-ல் கூட இரண்டாவது தலைநகரம் மதுரையா திருச்சியான்னு அமைச்சர்களே ஆளுக்கொரு பக்கம் பேசினாங்க.

'நடுவுல இருக்கு'ங்கற இந்த வாதம் ரொம்பப் பழசு. சென்னைக்கு அடுத்து 1939-ல் வானொலி நிலையம் திருச்சிக்கு வந்தது. 1930-ல் ராஜாஜி வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்து கிளம்பினது திருச்சியில இருந்து. தேர்தல்ல நிக்கலாம்னு தி.மு.க. முடிவெடுத்தது 1956 திருச்சி மாநாட்டுல. இன்னைக்கும் கட்சிகளுக்குத் திருப்புமுனை மாநாடுன்னா திருச்சிதான்.

ஆனா கவனிச்சீங்களா? மாநாட்டுக்கு எல்லாரும் வர்றாங்க, முடிஞ்சதும் கிளம்பிடறாங்க. தமிழ்நாட்டுல பாதிப் பேருக்குத் திருச்சி தெரியும். எப்படின்னு கேட்டா, ராத்திரி ரெண்டு மணிக்கு பஸ் மாறும்போது டீ குடிச்ச ஊரா தெரியும். இப்போ அந்த பஸ் ஸ்டாண்டும் பஞ்சப்பூருக்கு, ஊரோட ஓரத்துக்குப் போயிடுச்சு.

யார் கண்ணுக்கு சின்ன ஊர்?

இந்த எபிசோடுக்காகப் படிக்க ஆரம்பிச்சப்போ, "சென்னை எல்லாத்தையும் எடுத்துக்கிச்சு"ன்னு ஒரு கதை சொல்லிடலாம்னுதான் நானும் நினைச்சேன். நாகப்பட்டினம் குறுக்க வந்துடுச்சு.

நாகையில இருக்கற ஒருத்தர் இந்தக் கதையைச் சொன்னா எப்படிச் சொல்லுவார்? எங்க கிட்ட ரயில் தலைமையகம் இருந்தது, பணிமனை இருந்தது, காலேஜ் இருந்தது. எல்லாத்தையும் திருச்சி எடுத்துக்கிச்சு. பணிமனை போன வருஷம் நாகையில எத்தனை வீடு காலியாச்சு, எத்தனை டீக்கடை மூடினாங்க, திருச்சியில யாரும் அதைப் பேசி நான் கேட்டதே இல்ல. எங்க வீட்டுலயும்தான். அந்தப் பணிமனையோட சம்பளத்துல வளந்த வீடு எங்க வீடு.

இப்பவும் காலையில திருச்சி பெரிய ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு பாருங்க. அரியலூர், பெரம்பலூர், புதுக்கோட்டை, கரூர்னு வந்து இறங்குறாங்க. புதுக்கோட்டை மாவட்டத்தோட ஒரு பகுதி 1974 வரைக்கும் திருச்சி மாவட்டத்துலதான் இருந்தது. கரூரும் பெரம்பலூரும் 1995-ல் பிரிஞ்சது. மாவட்டம் பிரிஞ்சாலும் வைத்தியத்துக்கு, கல்யாண ஜவுளிக்கு, காலேஜ் அட்மிஷனுக்கு இங்கதான் வர்றாங்க. அவங்களுக்குத் திருச்சி சின்ன ஊர் இல்ல. பஸ் விட்டு இறங்கினதும் பர்ஸைப் பத்திரமா பிடிச்சுக்க வேண்டிய பெரிய ஊர். நாம சென்னையில வந்து இறங்கினப்ப இருந்த அதே பயம்தான்.

நடுத்தர நகரம்னா இதுதான்னு எனக்கு இப்போ தோணுது. மேல பாத்தா ஏக்கம், கீழ பாத்தா அதிகாரம். நாம மேல பாக்கறதை மட்டும்தான் பேசறோம்.

அப்போ திரும்பிப் போகலாமா, இங்கயே இருக்கலாமா? நவல்பட்டுல ஐ.டி. பார்க் இருக்கு. பஞ்சப்பூர்ல டைடல் பார்க் வருது. 2024-ல் ஏர்போர்ட்டுல புது முனையம் திறந்தாச்சு. நம்பிக்கை இல்லாம இல்ல. ஆனா ஒரே ஒரு பெரிய கம்பெனியை நம்பி ஊரே நின்னா என்ன ஆகும்னு இந்த ஊர் ரெண்டு தடவை பாத்திருக்கு. 'எப்போ வரும், யார் கொண்டு வருவாங்க'ன்னு மட்டும் கேக்காம, வந்ததுல இருந்து நாம என்ன வளத்தோம்னும் கேக்கணும். இதை ஊரை விட்டுப் போன நான் சொல்றது கொஞ்சம் கூச்சமாத்தான் இருக்கு.

அப்பா ரிட்டயர் ஆகி வருஷங்கள் ஆச்சு. சென்னைக்கு வந்து எங்களோட இருங்கப்பான்னு கூப்பிட்டா, "அங்க வந்து நான் என்ன பண்றது?"ன்னு கேக்கறார். நாங்க திருச்சியைப் பத்திக் கேக்கற அதே கேள்வி.

உங்க ஊர் எது? அது எந்த ஊரைப் பாத்து ஏங்குது, எந்த ஊர் அதைப் பாத்து ஏங்குது? எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடுல பேசலாம். நாகப்பட்டினத்துல இருந்து யாராவது கேட்டுக்கிட்டிருந்தா, உங்க பதிலுக்குத்தான் நான் முதல்ல காத்திருப்பேன்.